பேர் கொடுத்தவள்

கொடியில் காய்ந்துகொண்டிருந்த நீலச் சட்டையை உருவி, மடிக்கக்கூட நேரமில்லாமல் ராமாமிர்தம் தன் மீன் கூடைக்குள் திணித்தாள். மேலே ஒரு துண்டைப் போட்டு மூடினாள். சாவு வீட்டில் வயசானவள் ஒருத்தி கூடையும் கையுமாகக் கொல்லைப் பக்கம் போனால் யாரும் ஏன் எதற்கு என்று கேட்க மாட்டார்கள். வெற்றிலைக்குப் போகிறாள், இல்லாவிட்டால் அழுது தொண்டை காய்ந்து டீக்குப் போகிறாள் என்று விட்டுவிடுவார்கள். ஐம்பத்தெட்டு வயதுக்கு இந்த ஒரு சலுகையாவது உண்டு.

கூடத்தில் அவள் தம்பி மணவாளனின் பெண்டாட்டி அமராவதி கிடந்தாள். விடிந்தும் விடியாமல் தெருக் குழாயில் தண்ணீர் பிடிக்கப் போனவள் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாள். ஆட்டோ வருவதற்குள் எல்லாம் முடிந்துபோயிற்று. நாற்பத்து மூன்று வயசு. திங்கட்கிழமையிலிருந்து நெஞ்சு கரிக்கிறது என்று சோடா வாங்கிக் குடித்துக்கொண்டிருந்தாள். தெருக்கோடியில் ஒரு வண்டி வரும்போதே அதற்கு என்ன கோளாறு என்று காதாலேயே சொல்கிறவளுக்குத் தன் நெஞ்சு செய்த கோளாறு தெரியாமல் போய்விட்டது, பாவி மவளுக்கு.

கால்மாட்டில் மோனிகா உட்கார்ந்திருந்தாள். ஒரே பெண், இருபது வயது. ராமாமிர்தம் போகிற போக்கில் அவள் தோளைக் கிள்ளினாள்.

"எழுந்து கொல்லப் பக்கம் வா."

கொல்லையில் இருந்த முருங்கை 'தானே' புயலில் முறிந்து, அடிமரம் மட்டும் இப்போதுதான் துளிர்விட்டிருந்தது. அதன் மறைவில் நின்று ராமாமிர்தம் கூடையை நீட்டினாள்.

"யூனிபாரம் சட்டைய போடு. எட்டு மணிக்கு பஸ்சு."

மோனிகாவுக்கு முதலில் புரியவில்லை. புரிந்ததும் அத்தைக்குப் புத்தி பேதலித்துவிட்டதா என்று பார்த்தாள்.

"அம்மா கெடக்குறாங்க அத்தை."

"கெடக்குறா. நீ போனாலும் கெடப்பா, போவாட்டியும் கெடப்பா. இன்னிக்கு இன்னா கெழம? பத்து மணிக்கு உனக்கு இன்னா இருக்கு?"

"நான் போவல. என்னால முடியாது."

"முடியுமான்னு உன்ன யாருடி கேட்டா?"

அமராவதி மெக்கானிக். கடலூர் பழைய டவுனில், ஓ.டி.யில், ரயில்வே கேட்டுக்குப் பக்கத்தில் கடை போட்டிருந்தாள். நாலு வருஷமாக வாரத்தில் மூன்று நாள் கடையைப் பூட்டிவிட்டுச் சிதம்பரத்துக்குப் பஸ் ஏறிவிடுவாள். அங்கே ஒரு டிரஸ்ட் நடத்தும் தொழில் பள்ளியில் பொம்பளைப் பிள்ளைகளுக்கு டூவீலர் மெக்கானிக் வகுப்பு எடுத்தாள். பிள்ளைகள் பாதியில் நின்றுவிடுகிறார்கள் என்று பள்ளிக்காரர்களுக்குக் குறை. இந்த வருஷம் பத்துப் பேராவது கடைசிப் பரீட்சை கொடுத்தால்தான் அடுத்த வருஷம் பெண்கள் வகுப்பு, ஒன்று குறைந்தாலும் மூட்டை கட்டிவிடுவோம் என்று தீர்த்துச் சொல்லிவிட்டார்கள். சேர்ந்தது பன்னிரண்டு. ஒருத்தி கல்யாணமாகித் திருப்பூர் போய்விட்டாள், இன்னொருத்திக்கு நிறைமாசம். மிச்சம் பத்து. அந்தப் பத்தில் ஒருத்தி மோனிகா. புயலால் ஒருமுறை தள்ளிப்போன பரீட்சை இன்றைக்கு. மார்க் போடச் சென்னையிலிருந்து வருகிற ஆள் இன்னொரு தடவை வரமாட்டார்.

இதையெல்லாம் அமராவதி நாத்தனாரிடம் வந்து சொல்லவில்லை. சொல்கிற மாதிரி உறவும் இல்லை. ஒரு வாரமாக வாசல்படியில் உட்கார்ந்து, விரலை மடக்கி மடக்கிப் பத்துப் பெயரையும் மகளிடம் சொல்லிக்கொண்டிருந்தாள். எதிரில் கருவாடு காயப்போடுகிற சாக்கில் ராமாமிர்தம் காதைத் தீட்டிக்கொண்டிருந்தாள்.

"ஒம்போது பேரு போயி நிப்பாளுங்க. சேதி அவளுங்களுக்கும் போயிருக்கும். அழுதுக்கிட்டேதான் நட்டு கழட்டுவாளுங்க. நீ இங்க குந்திக்கிட்டு அழுவு. உங்கம்மா ஆரம்பிச்சத உன் கையால சாத்து."

"நான் வர்றதுக்குள்ள எடுத்துடுவாங்க அத்தை." மோனிகாவின் குரல் உடைந்தது. "அம்மா மூஞ்சிய நான் பாக்க முடியாம பூடும்."

ராமாமிர்தம் கூடையை அவள் கையில் திணித்தாள்.

"எடுக்க மாட்டாங்க."

"எப்பிடி?"

"நான் இருக்கேன் இல்ல?"

பெண் சவுக்குத் தோப்பு வழியாக ரோட்டுக்கு ஓடுகிறவரை பார்த்துக்கொண்டே நின்றாள். பிறகு உள்ளே வந்து சின்ன ரூமின் கதவைச் சாத்தி வெளித்தாழ்ப்பாள் போட்டாள். "புள்ள மயங்கி கெடக்குது. எவளும் போயி எழுப்பாதீங்க" என்று பொதுவாகச் சத்தம் போட்டுச் சொன்னாள். அவள் சத்தம் போட்டால் குப்பத்தில் எதிர்ச் சத்தம் எழும்பாது. முப்பது வருஷம் மார்க்கெட்டில் மீன் விற்ற தொண்டை அது.

சொல்லிவிட்டாளே தவிர, எப்படி நிறுத்துவது என்று அவளுக்கு அந்த நிமிஷம்வரை தெரியாது. குப்பத்தில் ஒரு கட்டு இருந்தது. ஊரில் சாவு விழுந்தால், பிணம் தெருமுனை தாண்டுகிறவரை ஒரு போட்டும் கடலில் இறங்கக் கூடாது. புயலில் போட்டும் வலையும் பாதி போனபிறகு இரண்டு மாசமாக வெறுங்கையோடு வந்தவர்களுக்கு, இந்த இரண்டு நாளாகத்தான் இறால் விழுகிறது. நாற்பது போட்டும் கரையில் ஏறிக் கிடக்க, ஆம்பளைகள் பந்தலில் உட்கார்ந்து கடலையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். சீக்கிரம் எடுத்தால் சாயங்கால வலைக்குப் போகலாம் என்று அவர்கள் வாய் சொல்லவில்லை, முகம் சொன்னது. அது தப்பும் இல்லை. அவர்கள் வீட்டிலும் உலை வைக்க வேண்டுமே.

ஊர்த் தலைவரான நாட்டார் சுப்பராயலு வந்து மணவாளன் தோளில் கை வைத்தார். "பதினொன்னுக்கு எடுத்துடுவோம். பன்னெண்டுக்கு மேல ராகுகாலம்."

மணவாளன் எதற்கும் தலையாட்டுகிற நிலையில் இருந்தான்.

ராமாமிர்தத்துக்கு அப்போதுதான் பொறி தட்டியது. கொல்லைக்குப் போய் இடுப்பிலிருந்த போனை எடுத்தாள். அவளுக்கு எழுத்துத் தெரியாது. நாலாம் நம்பரை அழுத்திப் பிடித்தால் அமராவதியின் தம்பி பூவரசன். அப்படிப் போட்டுக் கொடுத்ததே அமராவதிதான், மோனிகா மூலமாக.

"அக்கா, இதோ கெளம்பிட்டோம்" என்றான் பூவரசன். பிச்சாவரத்துக்குப் பக்கத்துக் குப்பம் அவனுக்கு. அழுது அழுது குரலே இல்லை. "டாட்டா ஏஸ் வண்டி சொல்லியாச்சு. சிதம்பரத்துல கோடி எடுத்துக்கிட்டு ஒம்போதரைக்குள்ள வந்துருவோம்."

"வராத."

"இன்னா அக்கா சொல்றீங்க?"

"கோடி எடு. எடுத்துட்டு அங்கயே நில்லு. பாப்பா பரிச்சைக்கு வந்திருக்கா. ஒரு மணிக்கு வெளிய வருவா. அவள ஏத்திக்கிட்டு வா. அதுக்கு முன்னால இந்தத் தெருவுல கால வெச்சுடாத."

"எங்கக்கா சாவுக்கு மொத ஆளா வர வேண்டியவன் நானு."

"அதனாலதாண்டா உங்கிட்ட சொல்றேன். பொறந்த வூட்டுக் கோடி போத்தாம பொணத்த எவனும் தொட முடியாது. நீ வர்ற வரைக்கும்தான் எனக்கு டைமு."

அவன் ஓவென்று அழுதான். அழுது முடித்து, "செரி" என்றான்.

குளிப்பாட்டுவதற்கு நேரமாயிற்று. மாற்றுச் சேலை எடுக்க ராமாமிர்தம் டிரங்குப் பெட்டியைத் திறந்தாள். நாலே நாலு சேலை இருந்தது. மற்றதெல்லாம் எங்கே என்று கேட்க ஒருத்தி வாயெடுத்தாள், பிறகு அவளே அடங்கிவிட்டாள். குப்பத்துக்கே தெரியும். அமராவதியின் சேலைகள் கொஞ்சம் நைந்ததும் சிதம்பரத்துக்குப் போய்விடும். வகுப்பில் தரையில் சேலையை விரித்து, இன்ஜினைக் கழற்றக் கழற்ற ஒவ்வொரு சாமானையும் கழற்றிய வரிசையில் பந்திக்கு இலை போட்டதைப்போல் வைக்கச் சொல்வாள். மாட்டும்போது கடைசி இலையிலிருந்து திரும்பி வர வேண்டும். எல்லாம் மாட்டிய பிறகு சேலையில் ஒரு நட்டு மிச்சம் கிடந்தால்கூட, வண்டி ஸ்டார்ட் ஆகி ஓடினாலும் சரி, முதலிலிருந்து கழற்று என்பாள். அழுதாலும் விடமாட்டாள். அவள் வகுப்பில் அழாத பெண்ணே கிடையாது.

பெண்கள் ஆளுக்கொரு குடம் தண்ணீர் கொண்டுவந்தார்கள். பக்கத்து வீட்டுக்காரி கொண்டுவந்தது ராமாமிர்தத்தின் வீட்டுப் பச்சைக் குடம். வாசலில் கவிழ்த்து வைத்திருந்ததை எடுத்துப் பிடித்து வந்திருந்தாள்.

"அத யாருடி எடுக்கச் சொன்னது?"

"ஏன், ஓட்டையா?"

ராமாமிர்தம் அதை வாங்கி அமராவதியின் தலையில் தானே ஊற்றினாள்.

அந்தக் குடத்துக்கு ஏழு வயசு. சுனாமி அடித்த அடுத்த மாசம், பள்ளிக்கூட முகாமில் இரண்டு மேசை போட்டு, தொழில் கற்றுக்கொள்ளப் பெயர் எழுதினார்கள். ஒரு மேசையில் தையல். அமராவதி அரிசி வாங்கும் வரிசையில் நின்றதால், "எம் பேர தையல்ல குடுத்துட்டு வாங்க அண்ணி" என்று நாத்தனாரை அனுப்பினாள். தையல் வரிசை கேட்டைத் தாண்டி ரோட்டுக்கு வந்திருந்தது. வெயில் மண்டையைப் பிளந்தது. இன்னொரு மேசையில் ஈ ஓட்டிக்கொண்டிருந்தார்கள். அங்கே பெயர் கொடுத்தால் கையோடு ஒரு பிளாஸ்டிக் குடம். சட்டி பானை எல்லாவற்றையும் கடல் வாரிக்கொண்டு போயிருந்த நேரம். ராமாமிர்தத்துக்குக் குடம்தான் கண்ணில் பட்டது. எந்தத் தொழிலானால் என்ன, எல்லாம் தொழில்தானே என்று அங்கே அமராவதியின் பெயரைக் கொடுத்துவிட்டு, பச்சைக் குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு வந்தாள். தையலில் கொடுத்தாயிற்று என்று வாய் கூசாமல் சொன்னாள்.

பதினைந்து நாளில் லிஸ்ட் ஒட்டினார்கள். சிதம்பரத்தில் ஆறு மாசம் மெக்கானிக் வேலை. பத்தொன்பது ஆம்பளைப் பெயர், கடைசியில் அமராவதி. மணவாளன் சாமி வந்ததுபோல் ஆடினான். "எவனுங்ககூட குந்தி வண்டி கழட்டப் போற? யாரு எழுதுனது?" என்று கேட்டான். தெருவே கூடி நின்றது. மாட்டிக்கொள்வோம் என்ற பயத்தில் எல்லாருக்கும் முந்தி ராமாமிர்தம்தான் கத்தினாள்: "நானா எழுதுனேன்? நான் தையல்லதான் குடுத்தேன். அவளே போயி மாத்தி எழுதியிருப்பா. ஊர் மேயணும்னு ஆச!"

அமராவதி அவளை ஒரு நிமிஷம் பார்த்தாள். பிறகு புருஷனைப் பார்த்து, "ஆமா. நாந்தான் எழுதிக் குடுத்தேன்" என்றாள்.

அடி விழுந்தது. விழுந்தும் போனாள். முதல் மாசம் அவள் கையில் துடைப்பத்தைக் கொடுத்து ஷெட்டைக் கூட்டச் சொன்னார்கள். கூட்டிக்கொண்டே பார்த்துக் கற்றுக்கொண்டாள். ஆறு மாசம் முடித்து, ஓ.டி.யில் தார்ப்பாய் கட்டிக் கடை போட்டாள். பொம்பளை கழற்றினால் வண்டி ஓடுமா என்று சிரித்தவர்கள், வேறு எங்கேயும் ஸ்டார்ட் ஆகாத வண்டியைத் தள்ளிக்கொண்டு அவளிடம்தான் வந்தார்கள். ஐஸ் ஏற்றுகிற மொபெட், பால் வண்டி, பிறகு போட்டு இன்ஜின். மணவாளனே ஒருநாள் தன் போட்டு இன்ஜினைத் தூக்கிக்கொண்டு வந்து கடை வாசலில் வைத்துவிட்டு ஒன்றும் பேசாமல் போனான். அதற்குப் பிறகு அவன் அடித்ததில்லை.

ராமாமிர்தம் மட்டும் விடவில்லை. தெருவில் அமராவதி நடந்தால் ஜாடை பேசுவாள். கறுப்புக் கையால் ஆக்கிய சோறு வேண்டாம் என்று தம்பி வீட்டில் கை நனைப்பதை நிறுத்தினாள். தப்புச் செய்தது தான் என்பது உள்ளே உறுத்த உறுத்த, நாக்கு இன்னும் நீண்டது. நாலு வருஷத்துக்கு முன்னால், சிதம்பரத்தில் பாடம் நடத்த முதல் நாள் போகிற காலையில், குழாயடியில் அமராவதி அவள் பக்கத்தில் வந்து நின்றாள். குடத்தைப் பார்த்துக்கொண்டே சாதாரணமாகக் கேட்டாள்.

"அந்தக் கொடம் இன்னும் ஒழுவாம இருக்கா அண்ணி?"

எல்லாம் தெரிந்திருக்கிறது. முதல் நாளிலிருந்தே தெரிந்திருக்கிறது. "இருக்கு" என்று சொல்லிவிட்டு, குடம் நிறைவதற்கு முன்பே தூக்கிக்கொண்டு ராமாமிர்தம் வந்துவிட்டாள். அன்றோடு பேச்சையும் நிறுத்திக்கொண்டாள். ஏன் அன்றைக்கு நான்தான் என்று ஒப்புக்கொண்டாய் என்று ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். நாலு வருஷம் எதிரெதிர் வீடு. கேட்கவில்லை. அந்தத் திமிருக்கு இப்போது யாரைக் குத்தம் சொல்வது?

"நகத்துல பாருங்க, எவ்ளோ கருப்பு" என்று ஒருத்தி அமராவதியின் விரலைச் சீயக்காய் போட்டுத் தேய்த்தாள். "போற எடத்துக்கு இந்தக் கையோடவா அனுப்புறது? மண்ணெண்ணெ கொண்டாங்க."

"வுடுடி கைய" என்றாள் ராமாமிர்தம். "அது போவாது. நீ ஒன்னும் தேய்க்க வாணாம்."

பதினொன்று ஆயிற்று. பொறந்த வீட்டுக் கோடி வரவில்லை. பதினொன்றரை ஆயிற்று. சுப்பராயலு போன் போடச் சொன்னார். பூவரசன் வழியில் டயர் பஞ்சர் என்றான். நல்ல பிள்ளை. பன்னிரண்டு அடித்ததும் ராகுகாலம் பிடித்துக்கொண்டது. ஒன்றரைவரை கவலையில்லை என்று ராமாமிர்தம் ஒரு டீ குடித்தாள். காலையிலிருந்து அதுதான் முதல் தடவையாக அவள் வாயில் பட்டது.

ஒன்றரைக்குப் பந்தலில் முணுமுணுப்பு எழும்பியது. ஒருத்தன் எழுந்து கரைப் பக்கம் போய்விட்டு வந்து, கடல் நல்லா கெடக்குது என்றான். மேளக்காரர் இரண்டு தடவை அடித்துவிட்டு நிறுத்தினார்.

"பஞ்சர் ஒட்ட ரெண்டு மணி நேரமா?" என்றார் சுப்பராயலு. "ஊரு கோடி ஒன்னு வாங்கிப் போத்திடுவோம். பொறந்த வூட்டுக்காரன் சுடுகாட்டுக்கு வந்து பாத்துக்கட்டும். பொண்ண எழுப்புங்க, வாய்க்கரிசி போடட்டும்."

ராமாமிர்தம் எழுந்திருப்பதற்குள் பக்கத்து வீட்டுக்காரி ரூம் தாழ்ப்பாளைத் திறந்துவிட்டாள். உள்ளே பாய்கூட விரிக்காமல் வெறும் தரை கிடந்தது.

"ஐயையோ, பொண்ணக் காணோமே!"

பெண்கள் எழுந்து ஓடினார்கள். ஒருத்தி கொல்லையைப் பார்த்தாள், ஒருத்தி கிணற்றை எட்டிப் பார்த்தாள். யாரோ ஒரு பையன், மோனிகா அக்கா காலையில் நீலச் சட்டை போட்டுக்கொண்டு சிதம்பரம் பஸ்ஸில் ஏறியதைப் பார்த்தேன் என்று சொன்னான். அவ்வளவுதான். பந்தல் தீப்பிடித்தது.

"ஆத்தா பொணம் கெடக்க, மவ பரிச்சைக்குப் போனாளா!"

"பொண்ணா அது? கல்லு."

"ஆத்தா எவ்வழியோ. அன்னிக்கு அவ தன்னால போயி பேரு எழுதுனா, இன்னிக்கு இவ தன்னால கெளம்பிட்டா."

மணவாளன் தலையை நிமிர்த்தினான். காலையிலிருந்து பேசாதவன். "பாப்பா அவளாவா போனா?" என்று கேட்டான். யாரிடம் கேட்டான் என்று தெரியவில்லை. ஆனால் ஏழு வருஷத்துக்கு முன் கேட்ட அதே குரல். கூட்டமும் அதேபோல் சுற்றி நின்றது. வாயை மூடிக்கொண்டு இருந்தால் போதும். பழி தானாகப் போய் அந்தப் பெண்ணின் தலையில் உட்கார்ந்துகொள்ளும்.

ராமாமிர்தம் சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு பிணத்துக்கு முன்னால் வந்து நின்றாள்.

"நாந்தான் அனுப்புனேன்."

பந்தலே அவள் பக்கம் திரும்பியது.

"அது போவலன்னுதான் அழுதுச்சு. நாந்தான் கழுத்தப் புடிச்சு தள்ளுனேன். பூவரசன வராதன்னு சொன்னதும் நாந்தான். டயரும் இல்ல, பஞ்சரும் இல்ல. ரெண்டு பேரும் ஒன்னா வந்துக்கிட்டு இருக்காங்க. வந்தப்பறம் எடுப்பீங்க."

"ராமாமிர்தம்!" சுப்பராயலுவுக்கு மூக்கு விடைத்தது. "நாப்பது போட்டு கரைல நிக்குது. ஊர்க்கட்டு உனக்கு வெளையாட்டா?"

"எந்த நாப்பது போட்டு நாட்டாரே? புயலுக்கு அப்பறம் உப்புத்தண்ணி பூந்து செத்துக் கெடந்துச்சே, அந்தப் போட்டா? ராவும் பவலும் குந்தி ஒவ்வொன்னா பிரிச்சது யாரு? இதோ படுத்திருக்காளே, இவ. இவ கை படாத இன்ஜின் ஒன்னு இந்தக் கரைல இருந்தா சொல்லுங்க. அந்தப் போட்டு இப்பவே போவட்டும். கட்டும் வாணாம் ஒன்னும் வாணாம், நான் கேக்க மாட்டேன்."

யாரும் அசையவில்லை. சுப்பராயலுவின் போட்டு இன்ஜின் ஒரு வாரம் அமராவதியின் கடையில் சேலைமேல் பிரிந்து கிடந்ததை எல்லாரும் பார்த்திருந்தார்கள்.

"அதுக்காக செத்தவூட்டு மொற இல்லயா?" என்றார் அவர். குரல் இறங்கியிருந்தது.

"இன்னொன்னும் கேட்டுக்குங்க." ராமாமிர்தம் இப்போது தம்பியைப் பார்த்தாள். "அன்னிக்கு மெக்கானிக்குக்கு இவ பேர குடுத்ததும் நாந்தாண்டா மணவாளா. இவ தையல்லதான் குடுக்கச் சொன்னா. ஒரு பிளாஸ்டிக் கொடம் குடுத்தானுங்க, அதுக்கு ஆசப்பட்டு மாத்திக் குடுத்தேன். நீ கேட்டப்போ இவமேல பழிய போட்டேன். இவ வாங்கிக்கிட்டா. நீ அடிச்ச அடிய எல்லாம் எனக்குப் பதிலா இவ வாங்குனா. ஏழு வருசம் நான் இவள ஏசுனேனே, ஒரு நாளு, ஒரே ஒரு நாளு, என்ன காட்டிக் குடுத்தாளா? தெரியாம நான் குடுத்த பேர தூக்கிக்கிட்டுப் போயி எங்கியோ நிறுத்திட்டாடா. அத இன்னிக்கு ஒங்க இறாலுக்கு நான் வுட்டுக் குடுக்க மாட்டேன். எடுக்கணும்னா மொதல்ல என்னத் தூக்கிப் போட்டுட்டு எடுங்க."

சொல்லிவிட்டுப் பிணத்தின் தலைமாட்டில் சம்மணம் போட்டு உட்கார்ந்தாள். அழக் கூடாது என்று பல்லைக் கடித்திருந்தாள். இப்போது அழுதால் இரக்கப்படுவார்கள், அந்த இரக்கம் அவளுக்கு வேண்டாம்.

மணவாளன் எழுந்து வந்தான். அடிக்கப்போகிறான் என்றுதான் அவள் நினைத்தாள், முகத்தைத் திருப்பாமல் இருந்தாள். அவன் அவள் பக்கத்தில் வந்து உட்கார்ந்தான். பெண்டாட்டியின் கையை எடுத்து, அந்தக் கறுத்த நகங்களைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தான்.

"கோடி வரட்டும்" என்றான்.

புருஷன் சொன்ன பிறகு ஊருக்குச் சொல்ல ஒன்றுமில்லை. சுப்பராயலு துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு நாற்காலியில் போய் உட்கார்ந்தார். மேளக்காரருக்கு டீ கொடுக்கச் சொன்னார்.

இரண்டரைக்கு ஏஸ் வண்டி தெருவில் திரும்பியது. பின்னால் நின்ற கூட்டத்துக்கு நடுவில் நீலச் சட்டை. மோனிகா வண்டி நிற்பதற்கு முன்பே குதித்தாள். ஓடி வந்தவள் பந்தல் வாசலில் நின்று எல்லாருடைய முகத்தையும் பார்த்து மிரண்டாள். யாராவது ஏதாவது சொல்வார்கள் என்று எதிர்பார்த்தாள்போல. எல்லாரும் ஒதுங்கி வழி விட்டார்கள்.

பூவரசன் அக்காவின் மேல் கோடியைப் போர்த்தினான். மாம்பழக் கலர், அமராவதிக்குப் பிடித்த கலர். பெண்கள் ஒப்பாரியும் அழுகையுமாகச் சுற்றி வந்தார்கள். மோனிகாவின் முறை வந்தபோது அரிசித் தட்டை நீட்டிய பக்கத்து வீட்டுக்காரி அவள் கையைப் பார்த்துத் தட்டைப் பின்னுக்கு இழுத்தாள்.

மோனிகாவின் கை இரண்டும் மணிக்கட்டுவரை கறுப்பாக இருந்தது. வெளியே வந்ததும் வண்டி ஏறிவிட்டாள். கழுவ நேரமில்லை.

"போயி சோப்பு போட்டுட்டு வாம்மா" என்றாள் பக்கத்து வீட்டுக்காரி.

"எதுக்கு?" என்றாள் ராமாமிர்தம். தட்டை வாங்கித் தானே நீட்டினாள். "அப்படியே போடு."

மோனிகா ஒரு பிடி அரிசியை அள்ளினாள். வெள்ளை அரிசியில் விரல் பட்ட இடமெல்லாம் கறுப்பு ஒட்டிக்கொண்டது. அம்மாவின் வாயருகே கொண்டுபோனாள். குனிந்து, அம்மாவுக்கு மட்டும் கேட்கிறாற்போல் சொன்னாள். பக்கத்தில் இருந்ததால் ராமாமிர்தத்துக்கும் கேட்டது.

"பத்து பேரும் குடுத்துட்டோம்மா. சேலைல ஒரு நட்டுகூட மிச்சமில்ல."

மூன்று மணிக்கு எடுத்தார்கள். தெருமுனைவரை பெண்கள் போனார்கள். அங்கே வழக்கப்படி அவர்கள் நின்றுகொள்ள, மேளம் சவுக்குத் தோப்பைத் தாண்டிப் போயிற்று. சத்தம் தேய்ந்த கொஞ்ச நேரத்தில் கரையில் ஒரு போட்டு இன்ஜின் உயிர்பெற்றது. அப்புறம் இன்னொன்று. மோனிகா அழுகையை நிறுத்திவிட்டு அந்தப் பக்கம் காதைச் சாய்த்தாள்.

வீடு கழுவ வேண்டும். ராமாமிர்தம் திரும்பி வந்து, ஈரத் தரையில் உருண்டு கிடந்த பச்சைக் குடத்தை எடுத்தாள். குழாயடியில் வைத்து விளிம்புவரை பிடித்தாள். தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு, அடியைக் கையால் தடவிப் பார்த்தாள்.

ஒழுகவில்லை.